இரண்டு டெனர்களும் என் வீட்டு டெனரும்

1

இந்த ஊரில் தபால்பெட்டியைத் திறக்க எனக்கு இன்னும் பயம். ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. மின்சாரக் கட்டணம், குப்பை பிரிக்கும் அட்டவணை, விசா அலுவலகத்தின் 'இன்னும் ஒரு சான்றிதழ் குறைகிறது' என எல்லாமே இங்கே கடிதமாகத்தான் வரும். ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்துவிட்டு, நான் எதைத் தவறாகச் செய்தேன் என்று யோசிப்பது என் வழக்கம்.

சென்ற வசந்த காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்துக்கு அந்த யோசனை தேவைப்படவில்லை. உறையைப் பார்த்ததுமே தவறு என்னுடையதுதான் என்று தெரிந்துவிட்டது. எங்கள் நகரத்து ஓபரா அரங்கத்திலிருந்து என் கணவர் ஜெபராஜின் பெயருக்கு வந்திருந்தது அது. துணைப் பாடகர் குழுவில் டெனர் குரலுக்கு நீங்கள் விண்ணப்பித்ததில் மகிழ்ச்சி, சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குரல் தேர்வு, பாட வேண்டிய பக்கங்கள் இத்துடன் உள்ளன என்று எழுதியிருந்தார்கள்.

அவர் விண்ணப்பிக்கவில்லை. அவர் பெயரில் நான் விண்ணப்பித்திருந்தேன். அவருக்குச் சொல்லவுமில்லை.

மாலை ஐந்தரைக்கு அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பருப்பைத் தீய விட்டேன். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் நீங்கள் அவர் பக்கமா என் பக்கமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

2

டெனர் என்ற சொல்லை நான் ஜெர்மனியில் கற்கவில்லை. நான் சாத்தான்குளத்துக்காரி. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் பாடகர் குழு என்றால் நான்கு குரல்கள். பெண்களில் மேலே பாடுகிறவர்கள் சொப்ரானோ, கீழே பாடுகிறவர்கள் ஆல்ட்டோ. ஆண்களில் மேலே டெனர், கீழே பேஸ். என்னைப் பெண் பார்க்க வந்தபோது படிப்பையும் வேலையையும் விசாரித்து முடித்த அப்பா, அடுத்துக் கேட்டது இதுதான்:

"தம்பி எந்தக் குரல்?"

"டெனர்."

"நல்லது. பேஸ் பாட எவன் வேணாலும் வாரான். டெனருக்குத்தான் ஆள் கிடைக்கமாட்டேங்கு."

உண்மைதான். குரல் உடைந்த பையன்கள் எல்லோரும் பேஸ் பக்கமே போய் நிற்பார்கள்; அதுதான் ஆம்பிளைக் குரல் என்று ஒரு நினைப்பு. தப்பித் தவறி டெனர் கிடைத்தால் அவனும் துபாய்க்கோ சென்னைக்கோ போய்விடுவான். அத்தான் போகவில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னரை எந்தக் கப்பலில் எந்த இடத்தில் அடுக்குவது என்று திட்டம் போடும் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து நாசரேத் பக்கம் உள்ள தன் சபைக்குப் பயிற்சிக்குப் போவார். சபையில் ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகை அன்று, சோறு வெந்துகொண்டிருக்கும்போது, குழு பாடும். சாப்பாட்டுக்காகவே வந்த கூட்டம் அது. ஆனால் டெனர் வரி மேலே ஏறும் இடத்தில் இலைக்கட்டு தூக்கி வருகிறவர்கூட நின்றுவிடுவார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் பாடியதெல்லாம் டோனிக் சோல்ஃபாவைப் பார்த்து. டோ, ரே, மீ, ஃபா என்பதன் முதல் எழுத்துகளை வரிசையாக அச்சடித்திருப்பார்கள். அந்த எழுத்தைப் பார்த்தால் பாட்டு வந்துவிடும். சில புத்தகங்களில் மேலே ஐந்து கோடுகளும் அவற்றின் மீது புள்ளிகளும் இருக்கும். அதை நாங்கள் பார்ப்பதே இல்லை. கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் கொடி போடுவார்களே, அந்த மாதிரி ஓர் அலங்காரம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

ஜெர்மனிக்கு வந்து இங்குள்ள ஆற்றுத் துறைமுகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரம் கழுவுவது அவர் முறை. குழாய்ச் சத்தத்தை மிஞ்சிப் பாடுவார். ஒரு நாள் மாடிப்படிச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'அன்புள்ள குடியிருப்போரே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். மூன்றாம் மாடியில் பாடுகிறவர் இதை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.' கீழே ஒரு சிரிக்கும் முகம் வேறு.

அதை அவர் நின்று படித்தார். "நியாயந்தான" என்றார். அன்றோடு நிறுத்திவிட்டார். ஞாயிறு மட்டுமல்ல, எல்லா நாளும்.

"மத்த நாள்ல பாடலாம்லா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"தொண்ட இறுகிப் போச்சுளா" என்றார்.

இரண்டு வருடம் அப்படியே போனது. அந்தக் காகிதத்தை ஒட்டியது யார் என்று நான் தேடவில்லை. தேடியிருக்க வேண்டுமோ, போய் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் அவ்வப்போது தோன்றும். கேட்டிருந்தால் இன்னொரு கடிதம் வந்திருக்குமோ என்ற பயம்தான்.

3

எங்கள் மகள் ஷைனிக்கு எட்டு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். எப்போதாவது தமிழில் பேசினாலும் அப்பாவை 'நீ' என்பாள். இங்கே அப்பா, அம்மா, கடவுள் எல்லோருக்கும் ஒரே 'நீ'தான். அந்தப் பழக்கம் அப்படியே தமிழுக்குள் வந்துவிட்டது. முதல் வருடம் திருத்தினேன். பிறகு அவள் தமிழில் பேசுவதே பெரிது என்று விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று கேட்காதீர்கள், நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் பள்ளியிலிருந்து ஓபராவின் குடும்பக் காட்சிக்குச் சீட்டு கொடுத்தார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக் காட்சி. ஓபரா என்றால் வைரமும் விலங்கு ரோமக் கோட்டும் என்று நினைத்து நான் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே பாதிப் பேர் ஜீன்ஸ், கம்பளிச் சட்டை. "அம்மா, எல்லாரும் உன்னப் பாக்குறாங்க" என்றாள் ஷைனி. அப்பாவுக்கும் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தாள்: "பப்பா, அங்க நீ சத்தமா பேசக் கூடாது."

திரை தூக்குமுன் ஒருவர் வந்து அறிவித்தார். கதாநாயகனாகப் பாடும் டெனருக்குச் சளி. முதல் அங்கத்தை அவரே பாடிவிடுவார். இரண்டாம் அங்கத்திலிருந்து நடிக்க மட்டும் செய்வார். காலையில் வேறு ஊரிலிருந்து ரயிலில் வந்திறங்கிய இன்னொரு டெனர், மேடை ஓரமாக நின்று அவருக்காகப் பாடுவார்.

"அட, நம்ம சினிமாதான்ளா! ஒருத்தர் வாயசைக்காரு, ஒருத்தர் பாடுதாரு" என்று அத்தான் என் காதில் சொன்னார். ஷைனி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

இப்படியாக ஒரே நாளில், ஒரே வேஷத்துக்கு, இரண்டு டெனர்களைக் கேட்கும் அதிர்ஷ்டம் எங்களுக்கு வாய்த்தது. மைக் கிடையாது. அவர்களுக்கு முன்னால் பள்ளத்தில் அறுபது பேராவது வயலினும் எக்காளமும் வாசிக்கிறார்கள். அத்தனையையும் தாண்டி ஒரு மனிதத் தொண்டை கடைசி வரிசைவரை வர வேண்டும். குழாய் ஸ்பீக்கர் கட்டாத ஒரு விசேஷத்தையும் பார்த்திராத எனக்கு, அது எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளவே முதல் அங்கம் முழுவதும் போதவில்லை.

சளிக்காரரின் குரல் இளசு. ஆத்தூர்க் கொழுந்து வெற்றிலை மாதிரி, வாயில் போட்டதும் கரைந்துவிடும், காரம் பின்னால் லேசாக வரும். காதல் வரிகளை அவர் பாடியபோது பக்கத்து சீட்டுக்காரர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒலித்தபோது அவர் வாய் திறந்திருந்தது தெரிந்தது, குரல் தெரியவில்லை. ரயிலில் வந்தவர் வேறு ரகம். குட்டையான ஆள், சாதாரணக் கறுப்புச் சட்டை, முன்னால் ஒரு ஸ்டாண்டில் தாள். அவர் வாயைத் திறந்ததும் துறைமுகத்தில் பெரிய கப்பல் சங்கு ஊதினால் நெஞ்செலும்பில் படுமே, அப்படிப் பட்டது. உயரே போகப் போக முதல் குரல் மெலிந்தது, இந்தக் குரல் அகலமானது.

கடைசியில் கதாநாயகி செத்துப்போனாள். சாகுமுன் நிதானமாகப் பாடிவிட்டுத்தான் செத்தாள். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். குட்டை மனிதருக்குத்தான் கூச்சல் அதிகம். சளிக்காரர் அவரை மேடை நடுவுக்கு இழுத்து வந்து கட்டிப்பிடித்தார். "பூ யாருக்கு?" என்று ஷைனிக்கு ஒரே கவலை. ஒரு பூங்கொத்துதான் வந்தது. அதை இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

கழற்றிக் கொடுத்திருந்த கோட்டுகளைத் திரும்ப வாங்க வரிசையில் நின்றபோது எனக்குப் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. அத்தான்தான். அந்தக் கடைசிப் பாட்டின் டெனர் வரியை, சொல் இல்லாமல், மூக்குக்குள் பாடிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு. ஷைனி "பப்பா" என்று பல்லைக் கடித்ததும் நிறுத்திவிட்டார்.

ஆனால் அதற்குள் இன்னொருத்தி கேட்டுவிட்டாள்.

4

அவள் பெயர் யூலியா. ஷைனியோடு படிக்கும் பையனின் அம்மா. பகலில் டிராம் ஓட்டுகிறாள், மற்ற நேரத்தில் ஓபராவின் துணைக் குழுவில் ஆல்ட்டோ. கூட்டக் காட்சிகளுக்கு ஆள் அதிகம் தேவைப்படும்போது ஊர்க்காரர்களே வந்து பாடும் குழு அது. வேஷத்தைக் கலைத்துவிட்டு வந்தவள் என்னை ஓரமாக இழுத்தாள்.

"உன் கணவர் டெனரா?"

"ஊரில் இருந்தபோது."

"டெனர் எந்த ஊரில் இருந்தாலும் டெனர்தான். எங்களுக்கு நான்கு பேர் குறைகிறார்கள். ஆண்கள் எல்லோரும் பேஸ் என்றே வருகிறார்கள்."

அப்பா சொன்னதையே டிராம் ஓட்டும் ஜெர்மன்காரி சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓபரா சாதாரண ஜனங்களுக்கானதா என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். "என் டிராமில் ஓபரா நிறுத்தத்தில் நிறையப் பேர் இறங்குவார்கள். பின்னால் மலிவான சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, அதற்கு" என்றாள். கோடையில் சதுக்கத்தில் பெரிய திரை கட்டி ஓபராவை இலவசமாகக் காட்டும்போது, அதே ஜனங்கள் வீட்டிலிருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வருவார்களாம். ஒரே ஒரு பாட்டுக்காக. பிட்ஸா விளம்பரத்திலும் கால்பந்து ஆட்டத்திலும் கேட்டுப் பழகிய டெனர் பாட்டு அது. அது வந்ததும் எல்லோரும் போனைத் தூக்குவார்கள், முடிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். மீதிப் பாதி இருந்துவிடுமே, அதுதான் எங்களுக்கு லாபம் என்றாள் யூலியா. அசனத்துக்கு வந்தவர்கள் பாட்டுக்கு நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அவள் கணக்குச் சட்டென்று புரிந்தது.

அம்மாவிடம் போனில் ஓபராவை விளக்க முயன்றேன்.

"சாகப் போறவளுக்கு அம்புட்டு மூச்சு எங்கயிருந்துட்டி வருது?"

"நம்ம பழைய நாடகத்துல ராசா புள்ளயப் பறிகுடுத்துட்டுப் பாடுவாருல்லாம்மா. ஒன்ஸ்மோர் கேட்டா திரும்பவும் அழுவாருல்லா."

"அது சரி. அப்ப அங்கயும் நம்ம சனந்தான்."

அதன் பிறகு நான் சமைக்கும்போதெல்லாம் யூடியூபில் டெனர்களைக் கேட்க ஆரம்பித்தேன். ஒரே பாட்டை ஏழெட்டுப் பேர் பாடுவதை வரிசையாகப் போடுவேன். அத்தான் பேப்பர் படிப்பது மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் பேப்பர் மடிக்கு வந்துவிடும்.

"இவரு உயரப் பிடிச்சுட்டாரே அத்தான்!"

"பிடிக்கிறது பெரிசில்லளா. கிரேன்ல பெட்டியத் தூக்குறதுக்கு எல்லாவனும் தூக்கிருவான். சத்தமில்லாம இறக்குதானா பாரு, அவந்தான் ஆபரேட்டர். இவரு மேல போயி நின்னாரு, சரி. இறங்கும்போது பெட்டியப் போட்டுட்டாரு."

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன்; பாட்டை விட்டவர் முகமாக இல்லை. மறுநாள் மதியம், அவர் வேலையில் இருந்தபோது, யூலியா அனுப்பிய விண்ணப்பத்தைத் திறந்தேன்.

பெயர், முகவரி, வசிப்பு அனுமதியின் வகை, மருத்துவக் காப்பீட்டு எண். பாடுவதற்குக்கூட இவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டு எண் வேண்டும். அனுபவம் என்ற இடத்தில் பன்னிரண்டு வருடம் என்று போட்டேன். பிறகு ஒரு கேள்வி: இசைத் தாளைப் பார்த்துப் பாட வருமா? சுமாராக, நன்றாக, மிக நன்றாக என்று மூன்று கட்டங்கள். வெள்ளிக்கிழமை எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் ஞாயிற்றுக்கிழமை பாடி நிறுத்துகிற மனிதர் அவர். ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் மூன்றாவது கட்டத்தில் குறி போட்டேன். எதற்கும் மூன்று முறை யோசிக்கிற நான், யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

5

ஐந்தரைக்கு அவர் வந்து ஷூவைக் கழற்றினார்.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"தீயுத வாட வருது. பருப்பா?"

"அது இல்ல."

"விசாவா?"

"அதுவும் இல்ல. ஓபராவுல பாட உங்க பேர எழுதிப் போட்டுட்டேன்."

சிரித்தார். கடிதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஏளா, என்னத்தப் பண்ணி வச்சிருக்க? ஒரு வார்த்த கேக்க மாட்டியா? பாட முடியலன்னு நான் உங்கிட்ட வந்து அழுதேனா?"

"அழல. அதாம் எழுதுனேன்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். விளக்குக்கு நேரே தூக்கியும் பார்த்தார்.

"எழுத்து எங்க?"

நானும் பார்த்தேன். ஐந்து கோடுகள், புள்ளிகள், அடியில் இத்தாலிய வார்த்தைகள். ஒரு டோ இல்லை, ஒரு ரே இல்லை. நான் இதுவரை அலங்காரம் என்று நினைத்தது மட்டும்தான் அந்தத் தாளில் இருந்தது.

"தாளப் பாத்துப் பாடுவீராக்கும்னு கேட்டிருந்தாவளா?"

"கேட்டிருந்தாவ."

"என்ன போட்ட?"

"மிக நன்றாக."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. அப்போதே மன்னிப்புக் கடிதம் எழுத லேப்டாப்பைத் திறந்தேன். 'வருந்துகிறோம்' என்பதற்கு மேல் விரல் நகரவில்லை. பின்னாலிருந்து ஷைனியின் குரல்.

"இது எஃப். இது ஜி. பப்பா, இது ரெண்டாங்கிளாஸ் பாடம். நீ ஸ்கூல்ல புல்லாங்குழல் வாசிக்கலையா?"

"எங்க ஸ்கூல்ல மணிதான் அடிச்சோம்" என்றார் அத்தான்.

அடுத்த மூன்று நாள் மாலையும் எங்கள் சாப்பாட்டு மேசை பள்ளிக்கூடமானது. ஷைனி புள்ளி மேல் விரல் வைத்து ஜெர்மன் பெயர் சொல்வாள். நான் அதை டோவிலிருந்து எண்ணி, பென்சிலால் கீழே சோல்ஃபா எழுத்து எழுதுவேன். அத்தான் எழுத்தைப் பார்த்துப் பாடுவார். முதல் நாள் மூக்குக்குள் பாடினார். இரண்டாம் நாள் வாயைத் திறந்தார். மூன்றாம் நாள் ஷைனியே எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். அவர் பாட்டை நிறுத்தப் போனார். "நிறுத்தாத. அம்மா தப்பா எழுதிருக்கா, அந்த எடம் திரும்பப் பாடு" என்றாள்.

வெள்ளி இரவு நான் கடைசியாகக் கேட்டேன்: "வேண்டாம்னா எழுதிப் போட்டுருவோமா அத்தான்?"

"போறேன். போயித் தெரியாதுன்னு சொல்லிட்டு வாரேன். போகாம இருந்தா நீ போட்டது பொய்யாவே நின்னுரும்லா."

6

சனிக்கிழமை. பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, ஒரு பியானோ, அதன் முன் காபிக் கோப்பையோடு ஒரு இளைஞர். குழுவை நடத்துகிறவர் நரைத்த குட்டை முடி வைத்த அம்மாள். என்னையும் ஷைனியையும் பின் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

பென்சில் எழுத்துத் தாளைப் பார்த்து அத்தான் பாடினார். கொழுந்தும் இல்லை, கப்பல் சங்கும் இல்லை. தனியாக நின்று கதாநாயகியை அழவைக்கிற குரல் அது அல்ல என்று எனக்கே தெரிந்தது. நேரான, தெளிவான குரல். உயரே போனார், நின்றார், சத்தமில்லாமல் இறக்கினார். அம்மாள் தலையசைத்தார். பிறகு இன்னொரு தாளை நீட்டினார். இதுவரை பார்க்காத தாள். "இதைப் பாருங்கள், அரை நிமிடம், பிறகு பாடுங்கள்."

அத்தான் தாளைப் பார்த்தார். நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். அரை நிமிடம் போனது. அவர் தாளைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"மன்னிக்க வேண்டும். எனக்கு இதை வாசிக்கத் தெரியாது. விண்ணப்பத்தில் இருப்பது சரியல்ல."

யார் எழுதினார்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் எழுந்துவிட்டேன். "அதை நான்தான் எழுதினேன். அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அவர் எல்லாத் தாளையும் பாடுவார், அந்தத் தாளில் எழுத்து இருக்கும்" என்று, வினைச்சொல் எல்லாம் இடம் மாறிப்போன ஜெர்மனில் சொன்னேன். ஷைனி முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டாள்.

அம்மாள் முதல் தாளை வாங்கி என் பென்சில் எழுத்துகளை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். எங்கள் சபையில் எல்லோருக்கும் இப்படித்தான் என்றார் அத்தான்.

அம்மாள் நடுவில் வந்து நின்று, வலக் கையை மடக்கி வயிற்றுக்கு நேரே பிடித்தார்.

அத்தானின் முதுகு நிமிர்ந்தது. "டோ" என்று பாடினார்.

நம் பக்கத்துப் பாட்டு மாஸ்டர்கள் புத்தகத்தைத் திறக்குமுன் கையாலேயே பயிற்சி கொடுப்பார்கள். மூடிய கை டோ, சரிந்த கை ரே, படுத்த கை மீ. எந்தச் சபையில் வளர்ந்தவரும் தூக்கத்தில்கூடப் பாடுவார். அது ஜெர்மனியிலும் இருக்கிறது, குழந்தைகள் குழுவுக்குச் சொல்லித்தருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மாளின் கை சரிந்தது, ஏறியது, இரண்டு படி தாண்டிக் குதித்தது, திடீரென்று விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் குரல் கூடவே போனது. வேகத்தைக் கூட்டினார். ஏமாற்றப் பார்த்தார். முடியவில்லை. பியானோக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இடையில் ஒரு சுருதி சேர்த்தார். கடைசியில் அம்மாளுக்கே மூச்சு வாங்கியது, சிரித்துவிட்டார்.

"கோடை முடியும்வரை சோதனைக் காலம்" என்றார். "அதற்குள் இந்தக் கோடுகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். குழந்தைகள் வகுப்பு புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு. நாற்காலிகள் கொஞ்சம் சின்னவை." பிறகு என் பக்கம் திரும்பினார்: "அடுத்த விண்ணப்பத்தை அவரே எழுதட்டும்."

வீடு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ள நாடகத்துல சேந்துட்டாராட்டி? வேசம் உண்டா?"

"உண்டும்மா. ஹார்பர்ல மூட தூக்குறவரு வேசமாம்."

"அதுக்கா இங்கயிருந்து பிளேன் ஏறிப் போனாரு!"

7

இலையுதிர்காலத்தில் முதல் காட்சி. நாங்கள் மூன்றாம் வரிசையில் இருந்தோம். இந்த முறை நானும் ஜீன்ஸ் போட்டிருந்தேன். அவர் புதன்கிழமை தவறாமல் எட்டு வயதுப் பிள்ளைகளோடு முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்து, கோடுகளை ஒருவாறு வாசிக்கப் பழகியிருந்தார். 'ஒருவாறு' என்பது ஷைனி கொடுத்த மதிப்பெண்.

மேடையில் துறைமுகத் தொழிலாளர்களாக நாற்பது பேர். ஒரே தொப்பி, ஒரே அழுக்குச் சட்டை, கரி பூசிய முகம். ஷைனி அவரைத் தேடினாள், நானும் தேடினேன். கடையில், டிராமில், பள்ளிக் கூட்டத்தில் என்று ஐந்து வருடமாக எங்கே நின்றாலும் அவரை நான் தேட வேண்டியிருந்ததில்லை. எந்தக் கூட்டத்திலும் சட்டென்று தனியாகத் தெரிந்துவிடுவார். அன்று தெரியவில்லை. சரி, பாடும்போது கண்டுபிடித்துவிடலாம், பத்து வருடமாகக் கேட்கிற குரல்தானே என்று கண்ணை மூடினேன். பாட்டு எழுந்தது. டெனர் வரி மேலே ஏறியது, நின்றது, இறங்கியது. அது ஒரே குரலாக இருந்தது. அதற்குள் அவர் எங்கே என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை. பாடுகிறாரா, பயத்தில் நின்றுகொண்டிருக்கிறாரா என்ற கவலையிலேயே மீதி ஓபரா போய்விட்டது.

வெளியே வந்தவரின் காதோரத்தில் இன்னும் கரி இருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"அத்தான், நெசமாச் சொல்லுங்க, பாடுனியளா? உங்க குரல் தனியா கேக்கவே இல்லையே."

"கேக்கலல்லா?" என்றார். முகமெல்லாம் பல். "கூட்டத்துல தனியாக் கேட்டிருந்துச்சுன்னா இன்னைக்கே என்னைய வீட்டுக்கு அனுப்பிருப்பாவ."